செத்தவன் போட்ட டிசைன்

காவிரியில் உடல் ஒதுங்கியிருந்தது.

நீலச் சட்டை... குப்புறக் கிடந்த கோலம்... வலது காலில் மட்டும் செருப்பு.

குமாரபாளையத்துப் படித்துறையில் கூட்டம் முண்டியது. புரட்டிப் போட்டதும் யாரோ சொன்னார்கள். "அட, நம்ம டிசைன்காரத் தம்பிங்க. தமிழரசு."

செய்தி போன வேகத்திலேயே பைக்கில் வந்து இறங்கினான் ஜெயபிரகாஷ். தமிழரசுவின் கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்து ஜவுளி டிசைன் சென்டர் நடத்தி வந்தார்கள். சேறு என்றும் பார்க்காமல் விழுந்து புரண்டு அழுதான் பாருங்கள்... பார்த்தவர்கள் கண் கலங்கிப் போனார்கள். செத்தவனின் பெண்டாட்டி யுவஸ்ரீ கூட அவ்வளவு அழவில்லை. அவள் மரம் மாதிரி நின்றாள்.

"கால் கழுவ எறங்கிருப்பாருங்க, பாசியில வழுக்கிருக்கும்" என்றார் போலீஸ்காரர்.

"ஆமாங்க... காலையில ஆத்துப் பக்கம் வந்துட்டுப் போற பழக்கம் அவனுக்கு உண்டுங்க" என்று விம்மினான் ஜெயபிரகாஷ்.

தண்ணீரில் மூழ்கி மரணம். கேஸ் மூடியாயிற்று.

கொன்றவன் யார்? அழுதவனேதான்!

இதை உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? தமிழரசுவைக் கொன்றது ஜெயபிரகாஷ். எங்கே, எப்படி என்பது மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அது ஜெயபிரகாஷைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அவன் கழுத்து போச்சு.

அப்படித்தான் அவன் நினைத்திருந்தான்... அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

* * *

கருமாதி முடிந்து கடையைத் திறந்தான்.

வாசலில் தண்ணீர் தெளித்தான். கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினான். மேலே தமிழரசுவின் படம், சந்தன மாலையோடு. ஊர் பார்க்கட்டும் என்று அவனே மாட்டியது.

தொழில் என்னவென்று ஒரு வார்த்தை. புடவை முந்தானையில் மயில் வேண்டுமா, மாங்காய் வேண்டுமா... அதைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டமாக வரைய வேண்டும். அந்த ஃபைலைத் தறியில் ஏற்றினால் கட்டத்துக்குக் கட்டம் நூல் தூக்கிப் படம் துணியில் இறங்கிவிடும். டிசைன் கொண்டு வருவது தமிழரசு. ராத்திரி வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காலையில் கடைக்கு அனுப்பிவிடுவான். ஊரே கொண்டாடிய டிசைன்கள். ஆனால் ஒரு குறை உண்டு. ஃப்ளோட் விட்டுவிடுவான். ஃப்ளோட் என்றால் நூல் எங்கேயும் கட்டுப்படாமல் நீளமாகத் தொங்குகிற இடம். விரல் மோதிரம் பட்டால் போதும், புடவையே இழுத்துக்கொண்டு வரும். அந்த இடங்களைத் தேடித் தேடிப் புள்ளி வைத்து அடைப்பதுதான் ஜெயபிரகாஷின் வேலை. இத்தனை வருடமும் அதே வேலை. அவன் போடுவான், இவன் திருத்துவான்.

மவுசைப் பிடித்தான்.

டிசைன் போல்டரில் புதிதாக ஒரு ஃபைல்!

திறந்தான்.

பாலம். பவானிக்குப் போகிற ஆற்றுப் பாலம். கீழே அலை. பாலத்தின் கைப்பிடியைத் தாண்டித் தலைகீழாக விழுகிறான் ஒருவன். நீலச் சட்டை... வலது காலில் மட்டும் செருப்பு.

ஜெயபிரகாஷ் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

அந்தக் கை யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா? அந்த அலையின் வளைவு, கோட்டைத் தொடங்கி முடிக்கிற விதம்... தமிழரசு. அவனைத் தவிர வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். சந்தேகமே வேண்டாம் என்பது போல அலை நெடுகிலும் ஃப்ளோட் விட்டிருந்தது!

மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தான். தமிழரசு சிரித்துக்கொண்டிருந்தான்.

"டேய்... நீ செத்துட்டேடா" என்றான் வாய்விட்டு.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். அப்புறம்தான் மூளை வேலை செய்தது.

பாலமா? நான் எங்கே அவனைப் பாலத்திலிருந்து தள்ளினேன்?

மூச்சு சீரானது. பிறகு அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். கை தானாக நகர்ந்தது. அலையில் தொங்கிய ஃப்ளோட்டை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து அடைத்தது. சேவ் செய்தது. அப்புறம்தான் தான் என்ன செய்கிறோம் என்றே அவனுக்கு உறைத்தது. கிராதகன், கொலைப் படத்துக்கும் ஃப்ளோட் எடுத்திருக்கிறான்!

அழித்துவிடலாமா? மனசு வரவில்லை. வருஷத் திதி கொடுப்பதற்கு முன்னால் செத்தவன் கைப்பட்ட பொருளைத் தூக்கி எறிந்தால் அவன் வீட்டை விட்டுப் போகவே மாட்டான் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அவன். கொலைக்குப் பயப்படாதவன் இதற்குப் பயந்தான்.

* * *

மத்தியானம் யுவஸ்ரீ வந்தாள். தமிழரசுவின் சாப்பாட்டுக் கேரியர் கடையிலேயே கிடந்தது, அதை எடுக்க.

"வா அம்மிணி. உக்காரு. சாப்புட்டியா?"

"எறங்க மாட்டேங்குதுங்கண்ணா."

"மனசைத் தேத்திக்கோ சாமி. போனவன் போயிட்டான்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன மாதிரியே தெரியலீங்கண்ணா. நேத்து கனவுல வந்தாரு."

ஜெயபிரகாஷுக்குச் சுருக்கென்றது. "என்ன சொன்னான்?"

"வேலை பாதியில நிக்குதுன்னாரு. முடிச்சுட்டுத்தான் போவேன்னாரு."

"வேற... வேற ஏதாச்சும்?"

"ஜெயபிரகாஷ் அண்ணனுக்கு எல்லாந் தெரியும், அவருகிட்டக் கேளுன்னாருங்க. என்னங்கண்ணா அது?"

"எனக்கென்ன அம்மிணி தெரியும்? கனவெல்லாம் கணக்குல சேத்தாம ஊட்டுக்குப் போயி ரெண்டு வாய் சாப்புடு."

கேரியரை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். பாவம், வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டான்.

பேயா... ஆளா?

பேய் என்றால் கோயிலுக்குப் போய் மந்திரித்துவிடலாம். ஆள் என்றால்? விஷயம் தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம். அவனைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். போனை எடுத்தான்.

* * *

மறுநாள் காலையில் சேலத்திலிருந்து வந்தாள் நிகத். கடைக்குப் பில் போடுகிற சாஃப்ட்வேர் செய்து கொடுத்த பெண். தலையில் முக்காடு, தோளில் லேப்டாப் பை, முகத்தில் எப்போதும் ஒரு அலட்சியம். அவளுடைய அப்பா கரீம் பாஷா சேலத்தில் ஜவுளி மொத்த வியாபாரம். அதனால் தறிக்காரர்கள் குணம் அவளுக்கு அத்துப்படி.

"என்னங்கண்ணா பிரச்சனை? பேய் புடிச்சவர் மாதிரி இருக்கீங்க."

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல பாப்பா. யாரோ என்ற கம்ப்யூட்டர்ல பூந்து வெளையாடுறாங்க. நான் இல்லாதப்ப ஃபைல் மாறுது. யாரு மாத்துறாங்கன்னு எனக்குத் தெரியோணும். கேமரா வெச்சிருக்கறேன், கடைக்குள்ள ஒரு ஈ காக்கா வரலை."

"அவ்வளவுதானே? ஒரு சின்ன டூல் இருக்கு. போட்டு விடுறேன்."

கறுப்புப் பெட்டி ஒன்றைத் திரையில் திறந்தாள். படம் இல்லை, பட்டன் இல்லை. வெறும் கறுப்பு. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா இது, ஒண்ணையுமே காணோம்?"

"இதுல மவுசுக்கு வேலையில்லீங்கண்ணா. எழுத்துலதான் சொல்லணும்."

ஒரு வரி அடித்தாள். என்டரைத் தட்டினாள். எழுத்துகள் மளமளவென்று ஓடி இறங்கி... நின்றன.

"ஏறிடுச்சு. இனிமே இந்த டிசைன் போல்டரை அது கண் கொட்டாமப் பாத்துக்கிட்டே இருக்கும். உள்ள எந்த ஃபைல்ல யாரு கை வெச்சாலும், அந்த நிமிசமே அந்த மாத்தத்தை அதுவா எடுத்துச் சேமிச்சுக்கும். நீங்க ஒண்ணும் அமுக்க வேண்டியதில்லை."

"யாரு வெச்சாங்கன்னும் காட்டுமா?"

"பேரோட காட்டும். இந்த மெஷினுக்கு ஒரு பேர் குடுத்துட்டா, இங்கிருந்து நடக்குறது எல்லாம் அந்தப் பேர்ல பதியும். வேற எங்கிருந்தாச்சும் வந்தா அந்தப் பேர்ல." நிமிர்ந்தாள். "என்ன பேர் போடட்டும்? முன்னாடி தமிழரசு அண்ணன் பேர்தான் இருந்துச்சு. ராசியான பேருன்னு அப்படியே விட்டுரட்டுமா?"

ஜெயபிரகாஷின் முகம் கறுத்தது. அந்தப் பேர்! தறிக்காரன் எவன் வந்தாலும் 'தமிழரசு டிசைன் வந்துச்சுங்களா' என்றுதான் கேட்பான். ஃப்ளோட் எடுத்து எடுத்துக் கண் பூத்துப் போனவனை ஒருத்தன் கேட்டதில்லை.

"என்ற பேரைப் போடு" என்றான். "கடை இப்ப என்னுது. ஜெயபிரகாஷ்னு முழுசாப் போடு."

"போட்டாச்சு."

"செரி... இது எங்க சேமிக்கும்?"

"உள்ளயேதாங்கண்ணா. அதெல்லாம் பாத்துக்கும்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஜெயபிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கறுப்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். டீ வந்தது. ஆறியது. ஈ விழுந்தது. ஆள் அசையவில்லை.

திடீரென்று ஒரு வரி முளைத்தது!

புதிய ஃபைல். சேமித்தவர்... தமிழரசு.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பட்டப்பகல். பக்கத்துப் பட்டறையில் தறி தடதடவென்று ஓடுகிறது. எதிரே பேக்கரியில் நாலு பேர் பன் தின்கிறார்கள். இவன் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

கடையில் இவனைத் தவிர யாரும் இல்லை. கீபோர்டை யாரும் தொடவில்லை. பேர் மட்டும் வந்திருக்கிறது.

திறந்தான்.

படித்துறை. தண்ணீருக்குள் ஒருவன் தலையைப் பிடித்து ஒருவன் அமுக்குகிறான். அமுக்குகிறவனுக்கு முகம் இல்லை.

"இல்ல..." என்று முணுமுணுத்தான். "இது இல்லடா. தப்பு."

தப்பு என்று தெரிந்ததும் அழுகை வருகிற மாதிரி ஒரு நிம்மதி. உட்கார்ந்தான். கை மவுசுக்குப் போனது. ஃப்ளோட்... புள்ளி... ஃப்ளோட்... புள்ளி... சேவ். கறுப்புப் பெட்டியில் அடுத்த வரி அமைதியாக ஏறியது. மாற்றப்பட்டது. சேமித்தவர், ஜெயபிரகாஷ்.

அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான் என்றா நினைக்கிறீர்கள்? சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கறுப்புப் பெட்டி. திறந்தால் மாலை போட்ட படம். படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தான். சுவரில் அது இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

இன்னொரு நாள், தறிப் பட்டறை வந்தது. தறிக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறான் நீலச் சட்டைக்காரன். தப்பு. ஃப்ளோட் எடுத்தான்.

அப்புறம் பவானி ரோடு. பைக்கோடு கவிழ்ந்து கிடக்கிறான். தப்பு. ஃப்ளோட் எடுத்தான்.

"உனக்கே மறந்து போச்சாடா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான். சிரிப்பு கூட வந்தது. செத்தவனுக்குத் தான் செத்த இடமே தெரியவில்லை!

வெள்ளிக்கிழமை. கடையைத் திறந்து, சூடம் ஏற்றி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தான்.

புதிய ஃபைல். சேமித்தவர், தமிழரசு.

திறந்தான்.

தட்டு தரையில் விழுந்து உருண்டது.

சாயப்பட்டறை. ஜெயபிரகாஷின் மச்சான் மூடிப் போட்டுவிட்டுத் திருப்பூர் போன பழைய சாயப்பட்டறை. சாவி ஜெயபிரகாஷிடம்தான் இருக்கிறது. உள்ளே சிமெண்ட் தொட்டி. தொட்டி நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு வெளியே இரண்டு கால்கள்... அவ்வளவுதான் படம்.

இப்போது சொல்கிறேன். அங்கேதான்!

கலர் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டுப் போனான். தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டு தமிழரசு சொன்னான், "அண்ணா, நான் தனியாப் போறேனுங்க. பவானியில கடை புடிச்சுட்டேன். டிசைன் எல்லாம் இனி அங்கதான்." கெஞ்சினான் ஜெயபிரகாஷ். தமிழரசு கேட்கவில்லை. டிசைன் போனால் கடை போகும். கடை போனால் வெறும் ஃப்ளோட் எடுக்கிறவனை யார் சீந்துவார்கள்? பிடரியில் கை விழுந்தது. தொட்டித் தண்ணீர் கொஞ்ச நேரம் கொப்பளித்தது. பிறகு ஆம்னி வண்டி... பிறகு ஆறு.

"வந்துட்டான்... கண்டுபுடிச்சுட்டான்..."

அம்மா சொன்னது, திதி, சாஸ்திரம் எல்லாம் காற்றில் பறந்தது. ஃபைலைப் பிடித்தான். டெலீட்! குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கேயும் டெலீட்! கறுப்புப் பெட்டியை மூடினான். கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கினான்.

ஒரு ஃப்ளோட் கூட எடுக்கவில்லை.

* * *

மத்தியானம் கடை வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் ரஞ்சனி இறங்கினாள். ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் கூட ஆகாதவள். பின்னால் நிகத். அவளுக்கும் பின்னால்... யுவஸ்ரீ.

"உக்காருங்க ஜெயபிரகாஷ்" என்றாள் ரஞ்சனி, அவனுடைய கடையில் அவனுக்கே நாற்காலியைக் காட்டி. "காலையில ஒரு படம் அழிச்சீங்களே. ஏனுங்க?"

"படமா? என்ன படமுங்க? நான் ஒண்ணும் அழிக்கலீங்க."

நிகத் யுவஸ்ரீயின் லேப்டாப்பைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். கறுப்புப் பெட்டி. கடைசி வரி. அழிக்கப்பட்டது. சேமித்தவர், ஜெயபிரகாஷ்.

கீழே அந்தச் சாயத்தொட்டிப் படம், சேதாரம் இல்லாமல்!

"அதைத்தான் நான்... குப்பையிலிருந்தும்..." வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான்.

"எந்த மாத்தம் நடந்தாலும் சேமிக்கும்னு சொன்னேனேண்ணா. அழிக்கிறதும் ஒரு மாத்தம்தானே? நீங்க வயரைப் புடுங்குறதுக்கு முந்தியே யுவஸ்ரீ அக்கா லேப்டாப்புக்கு ஒரு காப்பி போயிருச்சு."

"உன்னை நான்தானே பாப்பா கூப்புட்டேன்..."

"நீங்க கூப்புடுறதுக்கு முந்தியே அக்கா கூப்புட்டாங்க. எப்படி உங்க மெஷின்ல இந்த டூலை ஏத்துறதுன்னு நாங்க ரெண்டு பேரும் மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தோம். நீங்களே போன் போட்டு, வா வந்து ஏத்துன்னீங்க."

ரஞ்சனி மேசை ஓரத்தில் சாய்ந்தாள். "இந்த டூல் வந்தப்புறம் நாலு படம் வந்துச்சு. படித்துறை, தறிப் பட்டறை, பவானி ரோடு, சாயத்தொட்டி. நாலுலயும் உங்க கூட்டாளி செத்துக் கெடக்குறாரு. மூணுல உக்காந்து நிதானமா ஃப்ளோட் எடுத்திருக்கீங்க. நாலாவதை மட்டும் கண்டதும் அழிச்சுட்டீங்க. அதுல மட்டும் அப்படி என்னங்க தப்பு?"

ஜெயபிரகாஷ் லேப்டாப்பை மூடக் கை நீட்டினான். நிகத் அதை நகர்த்திக்கொண்டாள்.

"தப்பு இல்லாததுதான் தப்பு, இல்லீங்களா? நேரா உங்க மச்சான் பட்டறைக்குப் போனோம். பூட்டை ஒடைச்சோம். தொட்டித் தண்ணிய எறைச்சோம். அடியில தமிழரசுவோட ஒத்தைச் செருப்பு, இடது கால்."

ஜெயபிரகாஷின் பார்வை ரஞ்சனி மேல் இல்லை. லேப்டாப்பில் இருந்த படத்தின் மேல் இருந்தது.

"அது அவன் கை" என்றான் கரகரத்த குரலில். "என்னை என்ன வேணாப் பண்ணுங்க. ஆனா அதைப் போட்டது தமிழரசு. இத்தனை வருசமா ஃப்ளோட் எடுத்த எனக்குத் தெரியாதா? அதே வளைவு, அதே தப்பு. செத்தவன் வந்து போட்டதுங்க அது."

வாசலோரம் நின்ற யுவஸ்ரீ முன்னால் வந்தாள்.

"அவரு ஒரு கோடு போட்டதில்லீங்க."

"என்ன சொல்ற அம்மிணி?"

"மயில் முந்தானை, அன்னம் பார்டர், அத்தனையும் நான் போட்டது. அவரு கொண்டாந்து குடுத்தாரு, அவ்வளவுதான். பொம்பளை போட்ட டிசைன்னா தறிக்காரங்க ஏளனமாப் பாப்பாங்கன்னு அவரு பேர்ல ஓட்டுனோம். எனக்குத் தறி தெரியாது, அதனாலதான் ஃப்ளோட் விடுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனி ஒளிஞ்சுக்கிட்டுப் போட வேண்டாம், உன்ற பேர்லயே கடை வெக்கலாம்னு சொன்னாரு. அதுக்குத்தான் பவானியில எடம் புடிச்சாரு. ஜெயபிரகாஷ் அண்ணன் கூப்புட்டாரு, சொல்லிட்டு வந்தர்றேன்னு கெளம்புனாரு. கூப்புடவேயில்லைன்னு நீங்க சொன்னீங்க. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. எங்கேன்னுதான் தெரியல. உங்ககிட்டச் சாவி இருக்குற எடம், நீங்க போற வர்ற எடம்னு ஒவ்வொண்ணா வரைஞ்சு, இன்னும் அவரு பேர்லயே இருக்குற ஊட்டு லேப்டாப்புல இருந்து அனுப்பி அனுப்பி உங்ககிட்டயே கேட்டேன்."

ஜெயபிரகாஷ் அவளைப் பார்த்தான். வாயில்லாப் பூச்சி!

அந்தக் கை போய்விடுமே என்றுதான் தொட்டியில் அமுக்கினான். கை இங்கே நிற்கிறது, உயிரோடு, கேரியர் எடுக்க வந்த அதே சேலையில். அவன் கொன்றது கொண்டு வந்து கொடுத்த மனுஷனை. ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷனை.

முதல் தடவையாக நிஜமாக அழுதான். பார்க்கக் கூட்டம் இல்லை.

ரஞ்சனி விலங்கை எடுத்தாள். ஜீப்பில் ஏறும்போது ஜெயபிரகாஷ் நின்றான். "இனி நான் என்னங்க பண்ணுவேன் மேடம்? எனக்கு டிசைனை விட்டா வேற தொழிலே தெரியாதுங்க."

"ஜெயில்லயும் தறி இருக்குதுங்க" என்றாள் ரஞ்சனி, கதவைச் சாத்திக்கொண்டே. "ஆனா அங்க நெய்யறது பூராவும் வெறும் வெள்ளைத் துணி... டிசைனருக்கு வேலை காலி இல்லை!"